சதுர அடைப்புக்குறி

ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில்
பதினான்காம் மாடி.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மோனோரயில்
மழையைக் கிழித்துக்கொண்டு போகிறது, சத்தமே இல்லை.
இந்தப் பக்கம் நான்கு நாளாக
மூன்று நேச நாடுகள் ஒரே தாளோடு மல்லுக்கட்டுகின்றன.

என் வேலை எளிது.
ஒத்துப்போகாத சொல்லைச்
சதுர அடைப்புக்குறிக்குள் போடுவேன்.
ஒத்துப்போனதும் குறியை எடுத்துவிடுவேன்.
திரையில் பார்த்தால் சில சொற்கள்
[காவலில்] இருப்பதுபோல் இருக்கும்.

முதல் நாள் 'நிலைநிறுத்தம்' என்றார்கள்.
கர்னல் ஹஸ்னுல் இருமினார்.
'சுழற்சி' என்று மாற்றினோம்.
சுழன்றால் திரும்பி வந்துவிடும் அல்லவா,
ராட்டினம் மாதிரி.
'நிரந்தர' வேண்டாம், 'தொடர்ந்த' போதும்.
'போர்' என்ற சொல்லை மட்டும்
நான்கு நாளில் ஒருவரும் உச்சரிக்கவில்லை.
கைக்குழந்தை தூங்கும் வீட்டில்போல
அதைச் சுற்றிக் கால்விரலில் நடந்தார்கள்.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து.
என் தலைக்குள் ஓடியது;
மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.
பன்னிரண்டரைக்கு ரெண்டாங் வாசனை வந்ததும்
மூன்று கொடிகளும் ஒன்றாக எழுந்தன.
முதலில் யாருடைய பட்டாளம் என்றபோது
மூன்றும் தண்ணீர்க் குவளையைப் பார்த்தன.

ஏழாம் பத்தியில்தான் சிக்கல்.
முந்நூற்று நாற்பது பேர்.
ஒரு துறைமுகம்; பெயரை எழுத அனுமதியில்லை,
இங்கேயும் எழுத மாட்டேன்.
ஆறு மாதம் [நீட்டிக்கத்தக்கது].
மூன்றாம் இணைப்பில் படைப்பிரிவின் எண்.
அந்த எண்
எங்கள் வீட்டுத் துணிக்கொடியில் காய்ந்திருக்கிறது,
சட்டையின் இடது தோளில்.
ஒருமுறை தையல் விட்டபோது
ஊசியில் நூல் கோத்தது நான்.

கறிபாப் இடைவேளையில்
வெளித்தட்டிலிருந்து கைப்பேசியை எடுத்தேன்.
'அக்கா, செந்தூல் மண்டபம் நவம்பர் பதினாறு காலியாம்.
ஷாமினி வீட்டில் சரி என்கிறார்கள்.
முன்பணம் கட்டிடவா?'
கூடவே ஒரு படம்:
மேடை, பிளாஸ்டிக் மல்லிகை, ஊதா விளக்கு.
தம்பிக்கு ஊதா பிடிக்கும் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் கையெழுத்துப் போட்டவள்.
ரகசியச் சட்டம், எட்டுப் பக்கம்,
ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் என் சுருக்கொப்பம்.
கழிப்பறையில் நின்று
'வேண்டாம்' என்று எழுதி அழித்தேன்.
'பொறு' என்று எழுதி அழித்தேன்.
'வாழ்த்துகள்' என்று எழுதி
அதைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவு இரண்டு நாற்பது.
திருமதி ஹார்கிரேவ்
மேசைக்கடியில் காலணியைக் கழற்றிவிட்டு,
'நம் நட்பு அடைப்புக்குறிகளுக்கு அப்பாற்பட்டது' என்றார்.
சிரிப்பு. டத்தோ ரஸ்லானும் சிரித்தார்.
விடிந்தால் எல்லோருக்கும் விமானம்.
'சரி' என்றது ஒரு நாடு.
'ஆட்சேபமில்லை' என்றது இன்னொன்று.
எங்கள் நாடு என்னைப் பார்த்துத் தலையசைத்தது.

இரண்டே தட்டல்.
இடது குறி போனது, வலது குறி போனது.
நீட்டிக்கத்தக்கது என்ற சொல்
மற்ற சொற்களின் வரிசையில்
வெகுநாளாய்க் குடியிருப்பதுபோல்
உட்கார்ந்துகொண்டது.
கைதட்டினார்கள்.
நானும்.

மின்தூக்கியில் கைப்பேசியை உயிர்ப்பித்தேன்.
அவனிடமிருந்து ஒரு கேள்விக்குறி.
இன்னொரு கேள்விக்குறி.
நான் எழுதியது ஒரே வரி.
எட்டுப் பக்கத்திலும் தேடிப்பாருங்கள்,
அதில் குற்றம் கிடையாது:

'முன்பணத்தைத் திரும்பத் தருவார்களா என்று கேட்டுக்கொள்.'

மூன்றாம் மாடி வருவதற்குள்
இரண்டு நீலக் குறி விழுந்தது.
அவன் ராணுவத்தில் ஒன்பது வருடம்.
பதில் போடவில்லை.